தேசிமரத்தடிச் செப்புத் தகடு

மகன், உனக்கு என் சலாம். உன் கடிதம் வியாழக்கிழமை அசர் தொழுகை நேரத்தில் வந்து சேர்ந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதினால்தான் உம்மாவுக்கு வாசிக்க வரும் என்று, கொழும்பில் பெரிய கந்தோரில் வேலையில் இருந்துகொண்டும் நீ இன்னும் அப்படியே எழுதுகிறாய். அதற்கே உனக்குத் தனியாகத் துஆக் கேட்டேன். கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் குசினியில் அடுப்படியில் நின்றபடி, இரண்டாம் தரம் வாப்பாவின் கதிரையில் உட்கார்ந்து. மூன்றாம் தரம் கதவைச் சாத்திக்கொண்டு.

அடுத்த மாதம் நடக்கும் உன் கல்யாணத்துக்கு, வாப்பாவின் கூடப்பிறந்த அலவத்துகொட மாமி வரவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பதினோரு வருஷமாக ஒன்றை நெஞ்சுக்குள் வைத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறாய். நம் வீட்டுக்குப் பின்னால், கோடியில் தேசிமரத்தடியில் நான் தோண்டி எடுத்த செப்புத் தகடு செய்வினைத் தகடு இல்லை, உன் வயர்லெஸ் பெட்டிக்காக நீ புதைத்தது, மாமி மேல் ஒரு குற்றமும் இல்லை, நீ வாய் திறக்காததால்தான் ஒரு குடும்பம் இரண்டாகப் போனது, ஆகையால் நீயே மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்கப்போகிறாய். இவ்வளவும் அதில் இருந்தது. நீ போகவேண்டாம் மகன். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நீ இல்லை. அந்தத் தகடு உன்னுடையது என்று எனக்குத் தெரியும். தோண்டி எடுத்த மூன்றாம் நாளே தெரியும். இதை உன் பதினாறாவது வயதிலேயே நான் சொல்லியிருந்தால், நீ இவ்வளவு காலம் சுமந்திருக்கமாட்டாய்.

உன் மாமிக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அந்தத் தகட்டோடு தொடங்கியதில்லை. எனக்கு ஞாபகசக்தி மற்றவர்களைவிடக் கூட. ஓதப்பள்ளியில் குர்ஆனும் அரபு எழுத்தும் படித்ததோடு என் படிப்பு முடிந்தது. எழுதி வைக்கும் பழக்கம் இல்லாதவளுக்கு மனம்தான் கொப்பி. என் கல்யாணத்தன்று மாமி கத்தரிப்பூ நிறப் புடவை கட்டியிருந்தா. என் முக்காட்டை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், "தம்பிக்கு எடுத்த பொண்ணு பரவால்ல, வேலைக்கு நிக்கும்" என்றா. மூத்தவளாக உன் ராத்தா பிறந்தபோது, "பொட்டப் புள்ளயா, சரி, அடுத்த வாட்டி பாப்பம்" என்றா. நான் வைத்த வட்டிலாப்பம் பொங்கவில்லை என்று ஒரு பெருநாளன்று சபையில் வைத்துச் சொன்னா. பதினெட்டு வருஷத்தில் இப்படி எத்தனையோ. எதையும் நான் மறக்கவில்லை, எதற்கும் அன்றைக்கே பதில் சொல்லவும் இல்லை.

இனி உன் பெட்டிக்கு வருகிறேன். கண்டித் தந்திக் கந்தோரில் வேலை செய்த பறங்கி ஐயா ஒருவர் உனக்கு ஒரு மினுங்கும் கல்லையும் காதில் வைக்கும் குழாயையும் கொடுத்தார். அதற்குப் பிறகு உனக்குச் சாப்பாடும் இல்லை, வாப்பாவின் பிடவைக் கடை வேலையும் இல்லை. மூங்கில் துண்டு ஒன்றில் கம்பியை நெருக்கி நெருக்கிச் சுற்றினாய். பலாமரத்துக்கும் கித்துல் மரத்துக்கும் நடுவில் நீளக் கம்பி கட்டினாய். அது மரத்தில் படக்கூடாது என்று என் உடைந்த பீங்கான் கோப்பைகளின் கைப்பிடிகளைக் கேட்டு வாங்கினாய். உடுப்புக் காயப்போடும் கொடி என்று வாப்பாவிடம் சொன்னாய். அவ்வளவு உயரத்தில் யார் உடுப்புக் காயப்போடுவது என்று மனிதர் கேட்கவில்லை. பிடவைக் கடைக்காரருக்குப் பிடவை கண்ணில் பட்டால்தான் மற்றது படும். "இந்த சைத்தான் பெட்டி என்ட வீட்டுல வேணாம்" என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் நீ பெட்டியைச் சாமான் அறைப் பரணில் வைத்திருந்தாய். ஆனால் அது பேசவில்லை. கல்லின் மேல் மயிர் போன்ற கம்பியை இங்கும் அங்கும் குத்திக் குத்திப் பார்த்து உன் முகம் சுண்டிப்போகும். பிறகு ஒரு கிழமையாக நாள் தவறாமல் நீ தேசிமரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாய். சொல்லாமலே ஒரு வேலை செய்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். தண்ணீர் மரத்துக்கில்லை, அதன் அடியில் கிடந்த தகட்டுக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்.

அந்த நேரத்தில்தான் உன் தங்கச்சி ஸபியாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை. ஒன்பது நாள் விடவில்லை. டாக்டர் கொடுத்த கொயினா மருந்து வயிற்றில் தங்காமல் வாந்தியாக வந்துகொண்டிருந்தது. வாப்பா லெப்பையைக் கூட்டிவந்தார். அவர் ஓதி ஊதிவிட்டு, "கோடியில மண்ணு கெளறின எடம் ஏதும் ஈக்கா?" என்று கேட்டார். மழை பெய்து எட்டு நாள் ஆகியிருந்தது. வளவு முழுக்கக் காய்ந்து கிடக்க, தேசிமரத்தடி மட்டும் ஈரமாக இருந்தது. மண்வெட்டியை எடுத்து நானே கொத்தினேன். நாலு விரல் அகலத்தில் ஒரு செப்புத் தகடு வந்தது. ஈயம் பிடிக்கட்டும் என்று நீ ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறியிருந்தாயே, அது ஓதிப் பார்க்கிறவர்கள் தகட்டில் இஸ்ம் எழுதும் கட்டம் போலவே இருந்தது. மூலையில் கம்பி வேறு சுற்றியிருந்தது. இழுத்தேன், அறுந்துவிட்டது. எழுத்து இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. லெப்பை, "எழுத்தில்லாத தகடுதான் பொல்லாதது. எழுதியிருந்தா மறு எழுத்து போட்டு முறிக்கலாம்" என்றார். பிறகு, "யாரு வந்து போன?" என்றார். என் வாய் யோசிக்கவே இல்லை. "செவ்வாக்கெழம மதினி வந்தா. கால் கழுவ எண்டு தனியாக் கெணத்தடிக்குப் போனா" என்றேன். உன் மாமியைத்தான் சொன்னேன்.

அப்போது நீ வாசல்படியில் நின்றாய். உன் வாய் திறந்து மூடியதை நான் பார்த்தேன். தகட்டைக் கண்டு பயந்துவிட்டான் என்று நினைத்தேன். "தகடு வெச்சது நான்தான் எண்டு செல்ல வாயெடுத்தேன் உம்மா, அந்தப் பேச்சு வெளிய எப்படிக் கேக்கும் எண்டு வெளங்கினதும் நாக்கு ஒட்டிக்கிட்டு" என்று இப்போது எழுதியிருக்கிறாய். உண்மைதான். நம் ஆட்களிடம் தகடு வைத்தேன் என்றால் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை அதற்குள், பெட்டியின் கம்பியை மண்ணோடு சேர்க்கும் எர்த் என்றால் என்ன என்று எப்படி விளக்குவான்? அதை விட்டுவிடு.

வாப்பா அந்தத் தகட்டைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று மகாவலியில் எறிந்தார். மறுநாள் காலை ஸபியாவின் உடம்பு வேர்த்துக் குளிர்ந்தது. கஞ்சி கேட்டாள். கொயினாதான் கடைசியில் வேலை செய்ததோ என்னவோ, அன்றைக்கு அதை யார் கேட்பார்கள்? வாப்பா அப்படியே அலவத்துகொடைக்குப் போய், தன் ராத்தாவின் வாசலில் நின்று, "இனி இந்த வாசல மிதிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தார். "தம்பி, நான் என்னத்தடா செஞ்ச?" என்று மாமி கேட்டதாக அவரே சொன்னார். நான் ஏழு வீடுகளுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நடந்தது என்று நான் நம்பியதைச் சொன்னேன். அது வரைக்கும் என் பிழை ஒரு தாயின் பிழை.

மூன்றாம் நாள் கோடி கூட்டும்போது தேசிமரத்தடியில் சருகுக்குள் அறுந்த கம்பியின் நுனி காலில் பட்டது. பச்சை நூல் சுற்றிய கம்பி. செய்வினை செய்கிறவள் இவ்வளவு நீளக் கம்பியை ஏன் போடுகிறாள் என்று விரலால் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது வேலியோரமாகப் போய், கிணற்றைச் சுற்றி, சுவரில் ஏறி, ஓட்டுக்கடியால் சாமான் அறைக்குள் போனது. ஏணி வைத்து ஏறினேன். உன் பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் நான் கல்யாணத்துக்குக் கொண்டுவந்து, ஓட்டையாகிப் போய்ப் பரணில் போட்டிருந்த செப்புச் சருவச்சட்டி கிடந்தது. அதன் அடியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டியிருந்தது. அந்த அளவு என் கண்ணிலேயே நின்றது. மகன், அந்தப் பரணில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

இறங்கி வந்து நேரே வாப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று உனக்கு உள்ளபடி எழுதுகிறேன். அன்று காலையில்தான் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் வந்து, என் கையைப் பிடித்து, "பாவம் நீ, இத்தின காலம் எப்படித் தாங்கின" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதல் தடவையாக மாமி கீழே, நான் மேலே. அந்த இனிப்பு நாக்கில் இருந்து போவதற்கு முன் உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்வோம் என்றேன். நாளை போகப் போக, உண்மையைவிட, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி பெரிதாக வளர்ந்துவிட்டது.

ஆனால் உன் பெட்டி ஊமையாகவே கிடந்தது. நீ பயத்தில் தேசிமரப் பக்கமே போகவில்லை. காய்ச்சல் விட்ட தங்கச்சியைப் பரணில் இருத்தி வைத்துக்கொண்டு நீ பாடம் சொன்னதைக் கீழே மிளகாய் இடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். "மேல ஈக்கிற கம்பி காத்துல வாறத்தப் பிடிக்கும். அது கல்லுக்குள்ளால வந்து காதுல சத்தமாகும். பொறகு கீழ ஈக்கிற கம்பியால மண்ணுக்குப் போகும். போற வழி இல்லாட்டி வாற வழியும் இல்ல, ஸபியா." அவள், "அப்ப எண்ணெய் ஊத்தத் தேவல்லயா?" என்று கேட்டாள். "ஒண்டுமே ஊத்தத் தேவல்ல. வாற அலையே அதுக்குச் சாப்பாடு" என்றாய். அடுத்த நாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு, நான் என் தண்ணீர்க் குடத்தின் செப்பு மூடியில் ஆணியால் ஓட்டை அடித்தேன். கம்பி நுனியில் பச்சை நூலைக் கத்தியால் சுரண்டினேன், நீ சுரண்டுவதைப் பார்த்திருக்கிறேன். இறுக்கிக் கட்டி, கிணற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் புதைத்தேன். அங்கே ஈரம் காயாது. அதை நீ யோசிக்கவில்லை, நான் யோசித்தேன். அன்று பின்னேரம் மஃரிப் தொழுதுவிட்டு எழும்பும்போது பரணில் நீ சிரிக்கும் சத்தம் கேட்டது. "சுருள மாத்திச் சுத்தினேன் ஸபியா, அதான்" என்று அவளிடம் பெருமை பேசினாய். நீ பரீட்சை பாஸ் பண்ணி, அதே வயர்லெஸ் வேலையில் சம்பளம் வாங்குகிறவன். மண்ணைத் தொடாத பெட்டி எப்படிப் பேசியது என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது உனக்குக் கேட்கத் தோன்றவில்லையா? நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் வந்து தோண்டிப் பார். மூடி அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நாள் நீ என்னையும் ஏணியில் ஏற்றினாய். முக்காட்டுக்கு மேலாலேயே குழாயைக் காதில் வைத்தாய். முதலில் சுளகில் அரிசி கொழிப்பது போல ஒரு சத்தம். பிறகு தூரத்தில் ஒரு மனிதன். "என்ன மகன் செல்றான்?" என்றேன். "கொழும்புல மழையாம் உம்மா." "இங்கயும்தான் மழ. இதக் கேக்கவா இவ்வளவு பாடு?" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சுவர் இருக்க எப்படி வருகிறது என்று கேட்டேன். சுவருக்குள்ளாலும் வரும், மலையைக் கண்டால்தான் கொஞ்சம் சோர்ந்துபோகும் என்றாய். "அப்ப நம்மட ஒடம்பு?" "ஒடம்புக்குள்ளாலயும் போகும் உம்மா." அந்நிய ஆம்பிளையின் பேச்சு என் உடம்புக்குள்ளால் போவதா என்று முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டேன். இத்தனை பேர் ஒரே காற்றில் பேசினால் எல்லாம் கலந்துபோகாதா என்று கேட்டேன். நீ பெருநாளுக்குக் கட்டும் ஊஞ்சலைச் சொன்னாய். நீளக் கயிற்று ஊஞ்சல் மெல்ல ஆறுதலாக ஆடும், கட்டைக் கயிறு கெதியாக ஆடும், அதது ஆடும் கணக்குக்குத் தள்ளினால்தான் அது ஏறும், கணக்குத் தப்பித் தள்ளினால் நின்றுவிடும். ஒவ்வொரு நிலையமும் ஒரு கணக்கில் தள்ளுகிறது, சுருளில் இந்தப் பித்தளைத் துண்டை நகர்த்தி நம் கயிற்றை அந்த நீளத்துக்குக் கொண்டுவருகிறோம், மற்ற எல்லாம் நம்மைத் தொட்டாலும் நாம் ஆடமாட்டோம் என்றாய். எனக்கு அது அன்றைக்கே விளங்கியது. என்னை மக்கு என்று நினைக்காமல் எனக்கு ஒன்றைச் சொல்லித்தந்த முதல் ஆள் நீதான். வரப்போகிறவளுக்கும் அப்படியே சொல்லிக்கொடு. அவள் கேட்கும் கேள்வி பகிடியாக இருந்தாலும், சிரித்துவிட்டுப் பதிலையும் சொல். இதுதான் என் புத்திமதி. வேறு புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதைக் கீழே வாசித்துவிட்டு நீயே முடிவு செய்.

வாப்பா படுக்கையில் கிடந்த கடைசிக் கிழமையில் ஒரே ஒரு தடவை, "ராத்தா வந்தாவா?" என்று கேட்டார். "வரல்ல" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் மாமிக்கு நான் சொல்லியனுப்பவில்லை. மவுத்துச் செய்தி கேட்டுத்தான் அவ வந்தா. பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டா. தகட்டுக்காக அல்லாஹ் என்னை மன்னிக்கக்கூடும். அந்த "வரல்ல"வுக்கு என்ன செய்வானோ தெரியாது. இது எதிலும் உனக்குப் பங்கில்லை மகன். உன்னுடையது ஒரு பிள்ளையின் பயம். என்னுடையதுதான் பதினோரு வருஷம்.

உன் கடிதம் வந்த மறுநாளே உன் ராத்தாவின் மூத்த பெட்டையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் அலவத்துகொடைக்குப் போனேன். மாமி விறாந்தையில் பாய் விரித்துக் கராம்பைத் தடவிப் பொறுக்கித் தெரிந்துகொண்டிருந்தா. கண் மங்கிவிட்டது. "யாரு?" என்றா.

"நான்தான் மதினி."

"மொகம் தெரியல்ல. சத்தம் தெரீது. என்னத்துக்கு வந்த? இன்னொரு தகடு ஆம்புட்டிச்சா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இருக்கச் சொல்லவில்லை, கராம்பு தெரிவதையும் நிறுத்தவில்லை. முடிந்த பிறகு, "எத்தினாம் நாள் ஒனக்குத் தெரிஞ்ச?" என்று கேட்டா.

"மூணாம் நாள்."

"தம்பி மவுத்தாக முந்தியாவது செல்லீக்கலாமே."

"செல்லீக்கலாம்."

"ஏன் செல்லல்ல?"

"செல்லியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

அப்போதுதான் கை நின்றது. "இத மட்டும்தான் நீ இண்டக்கி சுத்தமாச் சொன்ன" என்றா. பிறகு திரும்பவும் கராம்பைத் தெரியத் தொடங்கினா. நான் அழுதேன், அவ அழவில்லை. "மருமகனுக்காகக் கல்யாணத்துக்கு வாறன். ஆனா சும்மா வர மாட்டன். எத்தின வீட்டுல போய்ச் சொன்ன?"

"ஏழு."

"எந்தெந்த வீடெண்டு நெனவீக்கா?"

"எனக்கு மறக்குமா, மதினி?"

"மறக்காது. ஒனக்கு மறக்காது. அந்த ஏழு வீட்டுக்கும் போ. அதே வாயால செல்லு. ஏழும் முடிச்சிட்டு ஆளனுப்பு, நான் உடுத்துக்கிட்டு வாறன்."

ஆறு வீடு முடிந்துவிட்டது. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் நான் சொன்னவள் மவுத்தாகிவிட்டதால் அவள் மருமகளிடம் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே விளங்கவில்லை, ஆனாலும் முழுக்கச் சொன்னேன். லெப்பையின் பெண்சாதி, "இனி என்ட மாப்புளட பேரு என்னாகுற?" என்று சண்டைக்கு வந்தா. அதையும் கேட்டுக்கொண்டேன்.

ஏழாவது வீடு உனக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீடு. அன்று நான் போய்ச் சொன்னபோது எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் அந்தப் பிள்ளையின் உம்மாதான். அதற்கு முன் எங்களுக்குள் சலாம் மட்டும்தான். அந்த நாளில் இருந்துதான் போக்குவரத்துத் தொடங்கியது, பெருநாள் பலகாரம் மாறியது, கடைசியில் இந்தச் சம்பந்தமும் பேசி முடிந்தது. என் பொய் இல்லாவிட்டால் அவர்கள் நம் வாசலுக்கு வந்திருக்கமாட்டார்கள். இப்போது நான் போய் உண்மையைச் சொன்னால், இப்படிப்பட்ட மாமியாரிடம் பிள்ளையைக் கொடுப்பதா என்று அவர்கள் யோசிக்கலாம். யோசிப்பது நியாயம்தான். உன் கல்யாணம் அங்கே நின்றுபோகவும் கூடும். மாமிக்குக் கண் மங்கல், ஆறோடு விட்டுவிட்டு ஏழு என்று ஆளனுப்பினால் அவவுக்குத் தெரியவா போகிறது என்று நேற்றுப் பகல் முழுக்க எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். என் குணம் இன்னும் முழுக்க மாறவில்லை என்று நீ தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நாளைக்கு ழுஹர் தொழுதுவிட்டு அந்த வீட்டுக்குப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. வேறு யாருடைய வாயாலும் நீ கேட்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் போய் வந்திருப்பேன். அவர்கள் என்ன சொன்னாலும் அங்கேயே இருந்து கடைசி வரைக்கும் கேட்பேன். நடுவில் ஒரு சொல்லும் பேசமாட்டேன், எதையும் மனதில் குறித்துக்கொண்டும் வரமாட்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை, மகன். துஆச் செய்.

உன் உம்மா